கொடைக்கானலில் எங்கே தங்குவது: அறையைப் பார்க்கும் முன் ஊரைப் பாருங்கள்

மே மாதத்தில் மூன்று இரவுகள் கொடைக்கானலில் தங்க வேண்டும். எழுபது வயதைக் கடந்த பெற்றோரும் பள்ளி செல்லும் இரண்டு பிள்ளைகளும் உடன் வருகிறார்கள். சொந்த காரில் பயணம். ஏரிக்கு அருகே ஒரு ஹோட்டல், பெருமாள்மலைப் பக்கம் பள்ளத்தாக்கைப் பார்த்தபடி ஒரு ரிசார்ட், பூம்பாறையில் ஒரு ஹோம்ஸ்டே ஆகிய மூன்றில் எதைப் பதிவு செய்யலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். உங்கள் குடும்பத்துக்கு ஏரியை ஒட்டிய நகரப் பகுதிதான் பொருந்தும் என்பது என் பதில். ஆனால் எந்தச் சாலையில், எந்த மாதிரியான கட்டடத்தில் என்பதையும் சேர்த்துச் சொல்லாவிட்டால் இந்தப் பதிலால் பெரிய பயன் இருக்காது. கொடைக்கானலில் தங்கிவிட்டு மனக்குறையோடு திரும்பும் பலரும் அறையை நன்றாகத்தான் தேர்ந்தெடுத்திருப்பார்கள். அந்த அறை ஊரின் எந்த மூலையில் இருக்கிறது என்பதை மட்டும் கவனிக்காமல் விட்டிருப்பார்கள்.

முதலில் ஊரின் அமைப்பைப் புரிந்துகொள்வது நல்லது. கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,100 மீட்டர் உயரத்தில், பழனி மலைத்தொடரின் மேல்விளிம்பில் கொடைக்கானல் இருக்கிறது. நடுவே ஒரு பள்ளம். அதில் 1863இல் ஓடையை மறித்து உருவாக்கப்பட்ட ஏரி. ஏரியைச் சுற்றிவரும் சாலை சுமார் 5 கிலோமீட்டர் நீளம் கொண்டது. இந்த ஊரில் மேடுபள்ளம் அதிகமில்லாமல் நெடுந்தூரம் நடப்பதற்கு இருக்கும் ஒரே இடம் அதுதான் என்று சொல்லலாம். பேருந்து நிலையமும் கடைத்தெருவான அண்ணா சாலையும் ஏரிக்கு மேலே, மேட்டில் இருக்கின்றன. அங்கிருந்து கிழக்கே இறங்கினால் மூஞ்சிக்கல், தெற்கே போனால் மலை சட்டென்று முடிந்து சமவெளி தெரியும் கோக்கர்ஸ் வாக். எனவே இணையத்தில் ஒரு விடுதிக்குப் பக்கத்தில் "ஏரியிலிருந்து 1 கி.மீ." என்று போட்டிருந்தால் அது பாதித் தகவல்தான். அந்த ஒரு கிலோமீட்டர் ஏரியின் மட்டத்திலேயே செல்கிறதா, செங்குத்தான சிமென்ட் சாலையில் ஏறுகிறதா என்பதுதான் உங்கள் அப்பாவும் அம்மாவும் மாலையில் விடுதியை விட்டு வெளியே வருவார்களா, அறையிலேயே உட்கார்ந்திருப்பார்களா என்பதைத் தீர்மானிக்கும். இறங்கும்போது எளிதாகத் தெரியும் சரிவு, திரும்பி ஏறும்போது முதியவர்களை மூச்சிரைக்க வைத்துவிடும்.

அடுத்து, வண்டிகள் ஊருக்குள் வரும் வழி. வத்தலக்குண்டிலிருந்து வரும் மலைச்சாலையும் பழனியிலிருந்து வரும் மலைச்சாலையும் பெருமாள்மலையில் ஒன்று சேர்கின்றன; பெரியகுளத்திலிருந்து அடுக்கம் வழியாக ஏறும் குறுகலான சாலையும் அந்தப் பக்கமே வந்து சேர்கிறது. அதற்கு மேல், வெள்ளி நீர்வீழ்ச்சியைத் தாண்டி மூஞ்சிக்கல் வரை எல்லோருக்கும் ஒரே சாலைதான். சீசன் காலத்தில், அதிலும் சனி, ஞாயிறுகளில், இந்தப் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டரில் கார்கள் ஊர்ந்துதான் செல்லும். பெருமாள்மலை ரிசார்ட்டை உங்களுக்கு வேண்டாம் என்று நான் சொல்வதற்கு முதல் காரணம் இதுவே. படத்தில் காட்டப்படும் பள்ளத்தாக்கு உண்மையாகவே அழகானது. அதில் எனக்கு மாற்றுக்கருத்து இல்லை. ஆனால் ஊரைப் பார்க்க வந்த குடும்பம் காலையில் ஒரு முறையும் மாலையில் ஒரு முறையும் அந்த வரிசையில் நின்றாக வேண்டும். மதியம் பிள்ளைகளுக்கு ஸ்வெட்டரை எடுத்து வரவோ, பெரியவர்களைச் சற்றுப் படுக்க வைக்கவோ அறைக்குத் திரும்ப முடியாது. விடுதியை விட்டு நகராமல் மூன்று நாள் ஓய்வெடுக்க வருபவர்களுக்கு அந்த ரிசார்ட் மிகவும் பொருத்தமானது.

கூட்டத்தைக் கட்டுப்படுத்த, சென்னை உயர் நீதிமன்றத்தின் உத்தரவுப்படி 2024 மே 7 முதல் கொடைக்கானலுக்கு வரும் வெளியூர் வாகனங்களுக்கு இ-பாஸ் கட்டாயமாக்கப்பட்டது. 2025 ஏப்ரல் முதல் ஜூன் வரையிலான சீசனுக்கு வார நாட்களில் 4,000 வாகனங்கள், வார இறுதியில் 6,000 வாகனங்கள் என்ற உச்சவரம்பும் வைக்கப்பட்டது. உச்சவரம்பு நடைமுறையில் இருக்கும் காலத்தில் அறையைப் பதிவு செய்துவிட்டு இ-பாஸுக்காகக் காத்திருப்பது தலைகீழான வரிசை. பயணத் தேதி உறுதியானவுடன் இரண்டையும் ஒன்றாக முடித்துவிடுங்கள். அரசுப் பேருந்தில் வருபவர்களுக்கு இந்தக் கவலை இல்லை. மூன்று இரவுகளையும் ஞாயிறு தொடங்கிப் புதன் காலையில் முடியும்படி அமைத்துக்கொள்ள முடியுமானால், வாடகையிலும் நெரிசலிலும் கிடைக்கும் வேறுபாட்டை நீங்களே உணர்வீர்கள்.

இனி நகருக்குள். ஏரிச்சாலையை ஒட்டியே தங்கினால் காலை ஆறரை மணிக்கு, வாடகைச் சைக்கிள்களும் குதிரைகளும் வருவதற்கு முன், நீர்மேல் பனிப்புகை எழும் நேரத்தில் சாலையில் நடக்க முடியும். கொடைக்கானலில் தங்குவதன் முழுப்பயன் அந்த ஒரு மணி நேரத்தில் இருக்கிறது என்று நான் நம்புகிறேன். பிரையன்ட் பூங்காவும் ஏரியின் கிழக்குக் கரையை ஒட்டி நடக்கும் தூரத்தில் உள்ளது. மே மாதத்தில் மலர்க் கண்காட்சி நடப்பது அங்கேதான். ஆனால் படகுத்துறைக்கு நேரெதிரே உள்ள விடுதிகளில் சாலையைப் பார்த்த அறைகளைத் தவிர்த்துவிடுங்கள். காலை பத்து மணி முதல் இரவு வரை ஹாரன் சத்தமும் பேச்சுச் சத்தமும் ஓயாது. படகுத்துறையிலிருந்து விலகி, ஏரிச்சாலையிலிருந்து பிரியும் கிளைச் சாலைகளில் ஏற்றம் தொடங்கும் இடத்திலேயே உள்ள விடுதிகள்தான் சிறந்தவை. ஏரி ஒரு பள்ளத்தில் இருப்பதால், இரவில் குளிர்ந்த காற்று சரிவுகளில் இறங்கி அங்கேயே தேங்கும். டிசம்பர், ஜனவரி மாதங்களில் ஏரிச்சாலையிலும் ஜிம்கானா, பாம்பார்புரம் பகுதிகளிலும் புல்மேல் உறைபனி படர்வது இதனால்தான். மே மாதத்தில் இது ஒரு பொருட்டில்லை. ஜனவரியில் கைக்குழந்தையோடு வருபவர்கள் இதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

அண்ணா சாலையும் பேருந்து நிலையச் சுற்றுப்புறமும் சிக்கனமாகத் தங்க விரும்புபவர்களுக்கும் பேருந்தில் வருபவர்களுக்கும் உரிய இடம். உணவகம், மருந்துக்கடை, காய்கறிக் கடை எல்லாம் காலடியில் கிடைக்கும். நெருக்கமான கட்டடங்கள், சன்னலைத் திறந்தால் அடுத்த லாட்ஜின் சுவர் என்பது அதற்குக் கொடுக்கும் விலை. காரில் வருபவர்கள் அங்கே வண்டியை நிறுத்த இடம் தேடியே அலுத்துவிடுவார்கள்.

கோக்கர்ஸ் வாக் பக்கத்து விடுதிகளைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் "வியூ ரூம்" என்று சொல்லிக் கூடுதல் வாடகை கேட்பது அங்கேதான் அதிகம். 1872இல் மலை விளிம்பில் வெட்டப்பட்ட அந்த நடைபாதையிலிருந்து, வானம் தெளிவாக இருக்கும் காலைப் பொழுதில் கீழே பெரியகுளம் சமவெளியும் வைகை அணையும் தெரியும். பகல் ஏற ஏறச் சமவெளியின் வெப்பக் காற்று ஈரத்தோடு மேலெழும்பி, விளிம்பைத் தொட்டதும் குளிர்ந்து மேகமாகிவிடும். நண்பகலுக்குப் பிறகு பெரும்பாலான நாட்களில் சன்னலுக்கு வெளியே வெள்ளைத் திரைதான். அந்த அறைக்கு நீங்கள் கூடுதலாகக் கொடுக்கும் பணம் காலை ஆறு மணி முதல் பத்து மணி வரையிலான காட்சிக்கு என்று தெரிந்து கொடுத்தால் ஏமாற்றம் இராது. அக்டோபர் முதல் டிசம்பர் தொடக்கம் வரை, வடகிழக்குப் பருவமழை வலுவாக இருக்கும் வாரங்களில், அந்தக் காட்சியும் உறுதியில்லை. அப்போது காட்சிக்காகக் கூடுதல் வாடகை கொடுக்கவே வேண்டாம். உங்கள் பெற்றோர் அதிகாலையில் எழுபவர்கள் என்றால், ஏரிப் பக்கத்துக்கு அடுத்த தேர்வாக இந்தப் பகுதியை வைத்துக்கொள்ளலாம். வான் ஆலன் மருத்துவமனையும் அருகிலேயே இருப்பது முதியவர்களுடன் வருபவர்களுக்கு ஓர் ஆறுதல்.

நாயுடுபுரம், வில்பட்டி, பள்ளங்கி, அட்டுவம்பட்டி ஆகிய வடபுறப் பகுதிகளில் கடந்த சில ஆண்டுகளில் காட்டேஜ்கள் பெருகியுள்ளன. ஒரே வீட்டில் பத்துப் பேர் தங்கிச் சமைத்துச் சாப்பிட நினைப்பவர்களுக்கு அவை சரி. ஆனால் அங்கே பல காட்டேஜ்களுக்குச் செல்லும் கடைசி நூறு, இருநூறு மீட்டர் பாதை மிகச் செங்குத்தானது. மழை பெய்த இரவில், பழக்கமில்லாத ஓட்டுநர், முழுச் சுமையோடு உள்ள காரை அதில் ஏற்றுவது எளிதன்று. இருட்டிய பிறகு காட்டெருமைகள் தோட்டங்களிலிருந்து சாலைக்கு வருவதும் அந்தப் பகுதியில் வழக்கம். நகருக்குள் ஏரிச்சாலை வரைகூட அவை வந்து போகின்றன. அமைதியாக மேய்வது போலத்தான் தெரியும். படம் எடுக்க நெருங்கிப் போகாமல், வண்டியிலேயே அமர்ந்து அவை கடந்து போகும் வரை காத்திருக்கப் பிள்ளைகளுக்கு முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

வட்டக்கானல் இளைஞர்களின் இடம். டால்பின்ஸ் நோஸ் பாறைக்கு நடந்து செல்லும் பாதை அங்கிருந்துதான் இறங்குகிறது. பல தங்குமிடங்களுக்குக் கார் போகாது. பையைத் தூக்கிக்கொண்டு படியிறங்க வேண்டும். உங்கள் குடும்பத்துக்கு அது ஒத்துவராது.

பூம்பாறையை நான் மிகவும் விரும்புகிறேன். அதனாலேயே அதை வேண்டாம் என்று சொல்லும்போது காரணத்தைத் தெளிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. நகரிலிருந்து ஏறத்தாழ 20 கிலோமீட்டர் மேற்கே, படிக்கட்டு வயல்களுக்கு நடுவே நெருக்கமாக அமைந்த பழைய ஊர் அது. குழந்தை வேலப்பர் கோயில் அங்கே இருக்கிறது. 2019இல் புவிசார் குறியீடு பெற்ற மலைப்பூண்டு அந்த வயல்களில்தான் விளைகிறது. வயலைப் பார்த்த ஒரு வீட்டில் இரண்டு நாள் தங்கி, காலையில் கிராமத்துக்குள் நடந்து, பின்னர் மன்னவனூர் புல்வெளி வரை போய் வருவது, நகரத்து நெரிசலில் கிடைக்காத நிறைவைத் தரும். ஆனால் அது ஏற்கெனவே கொடைக்கானலைப் பார்த்தவர்களுக்கான பயணம். முதன்முறை வரும் பிள்ளைகள் படகும் சைக்கிளும் பூங்காவும் கேட்பார்கள். பெற்றோரில் ஒருவருக்கு இரவில் மூச்சுத்திணறலோ நெஞ்சுவலியோ வந்தால், வளைந்து வளைந்து செல்லும் காட்டுச் சாலையில் மூடுபனியினூடே நகருக்கு வர வேண்டும். பெரிய சிகிச்சை என்றால் அங்கிருந்து மேலும் தேனிக்கோ மதுரைக்கோ இறங்க வேண்டியிருக்கும். உங்களுக்குப் பூம்பாறை ஒரு பகல் பயணமாக இருக்கட்டும். காலை எட்டு மணிக்கு முன் கிளம்பினால் மதியத்துக்குள் திரும்பிவிடலாம்.

பகுதி முடிவான பிறகு கட்டடத்தைப் பார்க்கலாம். மலைச்சரிவில் மண்ணை வெட்டிச் சமன் செய்து கட்டுவதால், கீழ்த்தள அறைகளில் பலவற்றின் பின்சுவர் மண்ணோடு ஒட்டியிருக்கும். அந்தச் சுவரில் ஆண்டு முழுவதும் ஓதம் ஏறும். அறைக்குள் நுழைந்ததும் வாசனைத் திரவியம் தூக்கலாக அடித்தால் ஏன் என்று பாருங்கள். கட்டிலின் தலைமாட்டுச் சுவரில், முழங்கால் உயரத்துக்குக் கீழே உள்ளங்கையை வைத்தால் ஈரம் தெரியும். பெயின்ட் கொப்புளித்து உள்ளிருந்து வெள்ளைப் பொடி உதிரும். அலமாரியின் கீழ்த்தட்டைத் திறந்தால் பூஞ்சை வாடை முகத்தில் அடிக்கும். தரைவிரிப்பு போட்ட அறையென்றால் அதன் ஓரத்தைத் தூக்கிப் பாருங்கள். ஆஸ்துமாவோ ஒவ்வாமையோ உள்ளவர்களுக்கு அந்த அறை ஓர் இரவிலேயே நோயைக் கிளப்பிவிடும். எனவே "கிரவுண்ட் ஃப்ளோர் இருக்கிறதா, பெரியவர்கள் வருகிறார்கள்" என்று மட்டும் கேட்பது போதாது. சாலை மட்டத்திலிருந்து படியில்லாமல் நுழையக்கூடிய, பின்சுவர் வெளியே திறந்திருக்கும் அறை வேண்டும் என்று கேளுங்கள். மலையில் வரவேற்பறை மேலேயும் அறைகள் அதற்குக் கீழே இரண்டு தளங்களாகவும் அமைந்திருப்பது மிகச் சாதாரணம். அப்படிப்பட்ட விடுதியில் கீழ்த்தளம் என்றால் முப்பது படி இறங்க வேண்டியிருக்கலாம். வாசலிலிருந்து கட்டில் வரை எத்தனை படி என்று எண்ணிக்கையாகவே கேட்டு வாங்குங்கள்.

காலை வெயில் படும் அறை இன்னொரு வரம். கிழக்குப் பார்த்த சன்னலுள்ள அறை பத்து மணிக்குள் உலர்ந்து கதகதப்பாகிவிடும். மரங்களின் நிழலிலேயே இருக்கும் வடக்குப் பார்த்த அறை மே மாதத்திலும் சில்லென்றிருக்கும்.

சுடுநீரைப் பற்றிக் கேட்கும்போது "24 மணி நேரமும் வரும்" என்ற பதிலோடு நின்றுவிடாதீர்கள். மின் கெய்சரா, சூரிய சக்தியா, காலை ஏழு முதல் ஒன்பது வரை மட்டும் திறந்துவிடும் பொதுக் கொதிகலனா என்று கேளுங்கள். தொடர்ந்து மூடுபனி நிற்கும் நாட்களில் சூரிய சக்தி வெந்நீர் வெறும் வெதுவெதுப்போடு நின்றுவிடும். கோடையில் ஊரில் தண்ணீர்த் தட்டுப்பாடு வருவதும், பல விடுதிகள் லாரித் தண்ணீரை நம்பியிருப்பதும் உண்மை. ஆறு பேர் குளிக்க வேண்டிய குடும்பம் இதை முன்பே பேசி வைத்துக்கொள்வது நல்லது. மின்தடை வந்தால் ஜெனரேட்டரில் விளக்கு மட்டும் எரியுமா, கெய்சரும் இயங்குமா என்பதும் அதே தொலைபேசி அழைப்பில் கேட்க வேண்டிய கேள்வி.

ஒரு விஷயத்தில் எந்த விட்டுக்கொடுப்பும் கூடாது. குளிருக்காகவோ பார்பிக்யூவுக்காகவோ மூட்டிய கரி அடுப்பை எந்தக் காரணத்தாலும் அறைக்குள் கொண்டு செல்லாதீர்கள். கதவும் சன்னலும் மூடிய அறையில், அணைந்தது போலத் தெரியும் கரியிலிருந்தும் கார்பன் மோனாக்சைடு வெளிவரும், அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை, தூங்குபவர்கள் எழுவதில்லை. கொடைக்கானலிலேயே இப்படி இளைஞர்கள் உயிரிழந்திருக்கிறார்கள். கூடுதல் கம்பளி கேளுங்கள், மின் ஹீட்டர் கேளுங்கள், இரண்டும் இல்லையென்றால் விடுதியை மாற்றுங்கள்.

உரிமம் உள்ள விடுதியா என்பதையும் பார்க்க வேண்டும். மலைப்பகுதியில் கட்டட உயரத்துக்கும் சரிவில் கட்டுவதற்கும் தனி விதிகள் உண்டு. அவற்றை மீறிய கட்டடங்கள் ஊரில் ஏராளம். 2019இல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளையின் உத்தரவைத் தொடர்ந்து, அனுமதியின்றிக் கட்டப்பட்ட பல விடுதிகளுக்கு நகராட்சி சீல் வைத்தது. முன்பணம் கட்டியவர்களுக்கு அப்படிப்பட்ட நேரத்தில் தங்க இடமே இருக்காது. விதியை மீறி வெட்டிய சரிவு, தொடர்மழையில் முதலில் சரியக்கூடியது என்பது அதைவிடப் பெரிய காரணம். விடுதியின் முழு முகவரி, ஜிஎஸ்டி எண், ஹோம்ஸ்டே என்றால் சுற்றுலாத் துறைப் பதிவு ஆகியவற்றைக் கேட்டால், நேர்மையாக நடத்துபவர்கள் தயங்காமல் அனுப்புவார்கள். ஹோம்ஸ்டே என்பது உரிமையாளர் குடும்பத்தோடு வசிக்கும் வீட்டில் சில அறைகளை விருந்தினருக்குத் தருவது. ஆளில்லாத காட்டேஜின் சாவியை ஒருவர் பைக்கில் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போய்விட்டால் அது ஹோம்ஸ்டே ஆகாது. நள்ளிரவில் குழாய் உடைந்தாலும் ஒருவருக்கு உடம்புக்கு முடியாவிட்டாலும் அங்கே கூப்பிட ஆள் இருக்காது. அதே பெயரைச் சொல்லி காட்டோரத்தில் போடப்படும் டென்ட்டுகளுக்குப் பிள்ளைகள் எவ்வளவு ஆசைப்பட்டாலும் சம்மதிக்காதீர்கள்.

ஊருக்குள் நுழையும் இடத்தில் காரின் பக்கத்திலேயே பைக்கில் வந்து "ரூம் வேணுமா சார்" என்று கேட்பவர்கள் உங்களுக்கும் எதிர்ப்படுவார்கள். அவர்களில் நேர்மையானவர்களும் இருக்கிறார்கள். ஆனால் அவர்களுக்கான கமிஷன் உங்கள் வாடகையில்தான் ஏறும், மாலை நேரக் களைப்பில் எந்த அறையையும் நீங்கள் ஒத்துக்கொள்வீர்கள். சீசனில் பதிவு செய்யாமல் வருவதைத் தவிர்க்க வேண்டும் என்று சொல்வது இதற்காகத்தான். பதிவு செய்யும்போது வாடகையோடு வரியும் சேர்ந்ததா என்று கேளுங்கள்: 2025 செப்டம்பர் 22 முதல் நாள் வாடகை 7,500 ரூபாய் வரை உள்ள அறைகளுக்கு ஜிஎஸ்டி 5 விழுக்காடு, அதற்கு மேல் 18 விழுக்காடு. செக்-அவுட் நேரத்தையும் எழுத்தில் வாங்குங்கள். சில இடங்களில் நீங்கள் நுழைந்த நேரத்திலிருந்து 24 மணி நேரம். சில இடங்களில் எப்போது வந்தாலும் காலை பத்து மணிக்குக் காலி செய்ய வேண்டும். இரவெல்லாம் ஓட்டி விடியற்காலையில் வந்து சேர்ந்தால், பின்சொன்ன விடுதியில் நண்பகல் வரை அறை தர மாட்டார்கள். முதியவர்கள் காரிலேயே உட்கார்ந்திருக்க நேரும்.

அரசு விடுதி போதும் என்றால், ஃபெர்ன்ஹில் சாலையில் தமிழ்நாடு சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் ஓட்டல் தமிழ்நாடு இருக்கிறது. விசாலமான வளாகம், வண்டி நிறுத்த இடம், தெளிவான கட்டணம் ஆகியவை அதன் பலம். அறைகள் மிகப் புதியவையாக இருக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம். மே மாதத்துக்கு அது வெகு முன்பே நிரம்பிவிடும்.

உங்கள் மூன்று இரவுகளுக்கு நான் சொல்வது இதுதான்: ஏரிச்சாலையிலிருந்து பிரியும் கிளைச் சாலை ஒன்றில், ஏரியின் மட்டத்துக்கு நடந்தே இறங்கக்கூடிய, விடுதி வளாகத்துக்குள்ளேயே கார் நிற்கக்கூடிய இடத்தில், ஒரே தளத்தில் பக்கத்துப் பக்கத்து இரண்டு அறைகளை எடுங்கள். முதல் மாலை ஏரியோடு இருங்கள். இரண்டாம் நாள் காலையில் கோக்கர்ஸ் வாக், பிறகு தூண்பாறை, பைன் காடு, மோயர் பாயின்ட் அமைந்த பன்னிரண்டு மைல் சுற்று. அதை எட்டு மணிக்கே தொடங்கிவிட்டால் வண்டி நெரிசலுக்கு முன் முடித்து மதிய உணவுக்கு அறைக்குத் திரும்பலாம். மூன்றாம் நாள் பூம்பாறை. ஏரிப் பக்கத்தில் அறை கிடைக்காவிட்டால் கோக்கர்ஸ் வாக் பக்கத்தை முயலுங்கள். அதுவும் இல்லையென்றால், பெருமாள்மலை ரிசார்ட்டுக்குப் போவதைவிடப் பயணத்தை ஜூன் இரண்டாம் பாதிக்குத் தள்ளிவைப்பதே நல்லது. பள்ளிகள் திறந்துவிடும் என்பதால் உங்களுக்கு அது இயலாமல் போகலாம். அப்படியானால் பள்ளித் தேர்வுகள் முடிந்தவுடன், ஏப்ரல் கடைசியின் வார நாட்களில் முயன்று பாருங்கள், குளிரும் இதமாகவே இருக்கும்.